கழிவுநீர் பைப்பு: வீட்டுக்குள் எது, மண்ணுக்குள் எது?



நம் கூட்டங்களில் விதை பேசுகிறோம், மூடாக்கு பேசுகிறோம், ஜீவாமிர்தம் பேசுகிறோம். தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியேறும் நண்பர்கள் கூடிவரும் காலம் இது. ஆனால் அந்த வீட்டின் கக்கூஸ் தண்ணியும், குளியல் தண்ணியும், சமையலறைத் தண்ணியும் எந்தப் பைப்பில், எந்த வழியாக, எங்கே போகுது என்று யாரும் பேசுவதில்லை. அதை பிளம்பரிடம் விட்டுவிடுகிறோம். அவர் கடைக்காரரிடம் விடுகிறார். கடைக்காரர் கையில் இருப்பதைக் கொடுத்து அனுப்புகிறார்.

நான் வங்கியில் இருந்த காலத்தில் வீட்டுக் கடனுக்கு வரும் மதிப்பீட்டுத் தாள்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். சிமெண்ட், கம்பி, செங்கல் எல்லாம் மூட்டைக் கணக்கு, டன் கணக்கில் இருக்கும். கழிவுநீர் பைப்புக்கு மட்டும் 'சானிட்டரி வேலை, மொத்தமாக' என்று ஒரே வரி. ஒரே வரியில் முடிகிற செலவில்தான் பின்னாடி பெரிய நட்டம் ஒளிந்திருக்கும். தரையை உடைத்துப் பைப்பு மாற்றும் செலவு, முதலில் நல்ல பைப்பு வாங்கும் செலவைப் போலப் பல மடங்கு.

காசு ஒரு பக்கம் இருக்கட்டும். தோட்டத்து வீட்டில் குடிக்கும் தண்ணி நம் கிணத்திலிருந்தோ போரிலிருந்தோதான் வருது. மண்ணுக்குள் போகும் கழிவுநீர் பைப்பு விரிசல் விட்டால், அந்தத் தண்ணி போய்ச் சேரும் இடமும் அதே நிலத்தடி நீர்தான். எங்கள் பகுதியில் ஒரு தோட்டத்தில் கக்கூஸ் லைன் வண்டிப்பாதைக்குக் குறுக்கே போனது. போட்டிருந்தது மெல்லிய பைப்பு. மேலே எரு ஏற்றிய டிராக்டர் ட்ரெய்லர் பலமுறை போய்வந்து பைப்பு நசுங்கிவிட்டது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. கிணத்துத் தண்ணி வாடை அடித்து, வீட்டில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்த பிறகுதான் தோண்டிப் பார்த்தார்கள். கிணத்தை முழுசா இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, லைனையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு சொட்டு ரசாயனம் நிலத்தில் விடாமல் பத்து வருசம் பாதுகாத்த கிணறு அது.

ஆகவே இந்தப் பாடத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

1. கடையில் இருக்கும் நாலு வகை

பார்வைக்கு எல்லாம் 'பி.வி.சி. பைப்பு'தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்காகச் செய்தது.

முதல் வகை, நமக்கு நன்றாகத் தெரிந்த விவசாயப் பைப்பு. ஐ.எஸ். 4985 தரத்தில் வருவது. இரண்டரை கிலோ, நாலு கிலோ, ஆறு கிலோ என்று அழுத்தத்தை வைத்துச் சொல்வோம். இது மோட்டார் தண்ணி கொண்டுபோக. தோட்டத்தில் மிச்சம் கிடக்கிறதே என்று பலர் இரண்டரை கிலோ பைப்பைக் கக்கூஸுக்குப் போட்டுவிடுகிறார்கள். 110 மி.மீ. அளவில் அதன் சுவர் 2 மி.மீ.கூட இருக்காது. உள்ளே தண்ணி நிறைந்து அழுத்தும்போது தாங்கும். வெளியிலிருந்து மண்ணும் வண்டியும் அழுத்தினால் தாங்காது.

இரண்டாம் வகை, எஸ்.டபிள்யூ.ஆர். பைப்பு. மலக்கழிவு, குளியல் கழிவு, மழைநீர் மூன்றுக்கும் கட்டடத்தை ஒட்டிப் போடுவது. ஐ.எஸ். 13592 தரம். இதில் டைப் ஏ, டைப் பி என்று இரண்டு உண்டு. டைப் ஏ மழைநீர் இறக்கவும் காற்றுக் குழாய்க்கும் மட்டும். டைப் பி கக்கூஸ், குளியல், சமையலறைக் கழிவுக்கு. 110 மி.மீ. பைப்பில் டைப் ஏ சுவர் 2.2 மி.மீ., டைப் பி சுவர் 3.2 மி.மீ. 75 மி.மீ. பைப்பில் முறையே 1.8, 3.2 மி.மீ.

மூன்றாம் வகை, மண்ணுக்குள் புதைக்கும் கழிவுநீர் பைப்பு. ஐ.எஸ். 15328 தரம். பெரும்பாலும் செங்கல் பழுப்பு நிறத்தில் வரும். எஸ்.என். 2, எஸ்.என். 4, எஸ்.என். 8 என்று எழுதியிருக்கும். எஸ்.என். என்பது வெளிப் பாரத்துக்கு நசுங்காமல் நிற்கும் வலு. எண் கூடினால் வலு கூடும்.

நாலாம் வகை, இரட்டைச் சுவர் நெளிவுப் பைப்பு. வெளியே வரிவரியாகவும் உள்ளே வழவழப்பாகவும் இருக்கும். ஹெச்.டி.பி.இ. பொருளில் செய்தது. சாலையோரம் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வீட்டுக்கு இது தேவைப்படாது. தோட்டத்துப் பாதைக்கு அடியில் ஓடைத் தண்ணி கடத்த நன்றாக உதவும்.

2. ஒரு மில்லிமீட்டரின் கணக்கு

'2.2க்கும் 3.2க்கும் ஒரு மில்லிமீட்டர்தானே வித்தியாசம், விலையில் எவ்வளவு மிச்சம் பாருங்க' என்று கடையில் சொல்வார்கள். இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பைப்பு நசுங்காமல் நிற்கும் வலு, சுவர்க் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் போகும். அதாவது கனத்தை இரண்டு மடங்காக்கினால் வலு எட்டு மடங்காகும். குறைத்தாலும் அதே வேகத்தில் குறையும். 110 மி.மீ. பைப்பின் சுவர் 3.2லிருந்து 2.2 ஆகக் குறைந்தால், வலு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மிச்சம் பிடித்தோம். வலுவில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தோம். எந்த வங்கியிலும் இது நல்ல வியாபாரம் ஆகாது.

இதே கணக்கில் இன்னொன்றும் உண்டு. பைப்பு பெரிதாகப் பெரிதாக அதே கனம் போதாது. 160 மி.மீ. பைப்பில் 3.2 மி.மீ. சுவர் இருந்தால், அதன் வலு 110 மி.மீ. டைப் ஏ பைப்பின் வலுவுக்குத்தான் சமம். 'பெருசாப் போட்டா அடைக்காது' என்று பெரிய பைப்பு வாங்குகிறவர்கள் கனத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கடையில் சோதிக்க எளிய வழி, எடை. பத்தடி நீளமுள்ள 110 மி.மீ. டைப் ஏ பைப்பு ஏறக்குறைய 3 கிலோ இருக்கும். டைப் பி ஏறக்குறைய நாலரை கிலோ. ஆனால் எடையை மட்டும் நம்பவும் கூடாது. சுண்ணாம்புத் தூள் அதிகம் கலந்தால் எடை கூடும், வலு குறையும். ஆகவே எடை, கனம், முத்திரை மூன்றையும் பார்க்கணும்.

3. வீட்டுக்குள்

கக்கூஸ் பேசினிலிருந்து 110 மி.மீ. டைப் பி. இதில் சமரசம் வேண்டாம். குளியலறைத் தரை, துணி துவைக்கும் இடம் இவற்றுக்கு 75 மி.மீ. டைப் பி. கைகழுவும் பேசின், சமையலறைத் தொட்டி இவற்றிலிருந்து இறங்க 40 அல்லது 50 மி.மீ. போதும், அது 75 மி.மீ. லைனில் சேரட்டும்.

சோறு வடிக்கிற வீட்டில் இன்னொரு கவனம் தேவை. பி.வி.சி. சூட்டுக்கு இளகும் பொருள். 60 டிகிரிக்கு மேல் அடிக்கடி சூடு பட்டால் மெல்லிய பைப்பு தொய்யும், இணைப்பு விடும். கொதிக்கிற வடிகஞ்சியைத் தொட்டியில் ஊற்றாமல் மாட்டுக்கு வையுங்க. பைப்பும் பிழைக்கும், மாடும் குடிக்கும்.

தரையில் வைக்கும் நானி ட்ராப், கக்கூஸ் பேசினுக்குக் கீழே வரும் ட்ராப் இரண்டிலும் கொஞ்சம் தண்ணி எப்போதும் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணிதான் வாடையையும் கரப்பானையும் தடுக்கும் கதவு. சாதாரண ட்ராப்பில் அது 50 மி.மீ. ஆழம் இருக்கணும். ஆள் புழங்காத குளியலறையில் இந்தத் தண்ணி வற்றிவிடும். வாரம் ஒரு செம்பு ஊற்றினால் போதும்.

செப்டிக் டேங்க் லைனுக்குக் காற்றுக் குழாய் அவசியம். இல்லையென்றால் வேகமாக இறங்கும் தண்ணி, ட்ராப்பில் நிற்கும் தண்ணியையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போய்விடும். குழாய் மொட்டைமாடிக்கு மேலே போகட்டும். உச்சியில் நைலான் வலை கட்டுங்க. செப்டிக் டேங்க் கொசு அந்த வழியாகத்தான் வெளியே வரும்.

லைன் திரும்பும் இடங்களில் கதவு வைத்த பெண்டு கேளுங்க. அடைத்தால் திறந்து குத்திவிடலாம். செங்குத்தாக இறங்கும் லைன் தரையில் திரும்பும் இடத்தில் ஒரே 90 டிகிரி எல்போ வைக்காமல், இரண்டு 45 டிகிரி பெண்டு வைத்தால் அடைப்பு வராது.

வெளிச்சுவரில் வெயில் படும் பைப்பு சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும். 6 மீட்டர் பைப்பு 30 டிகிரி வித்தியாசத்தில் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் நீளும். அதனால் வெளிச்சுவர் லைனுக்கு ரப்பர் வளையம் வைத்த இணைப்பு நல்லது. பைப்பை முழுசா உள்ளே தள்ளி, குறி போட்டு, 10 மி.மீ. வெளியே இழுத்து விடணும். ரப்பர் வளையத்துக்குச் சோப்புத் தண்ணி தடவலாம். என்ஜின் ஆயிலோ கிரீசோ தடவினால் ரப்பர் கெட்டுவிடும். வெயில் படும் பைப்புக்கு வெளிர் நிறத்தில் பெயிண்ட் ஒரு கை அடித்துவிட்டால் ஆயுசு கூடும்.

படுக்கையாகப் போகும் 110 மி.மீ. பைப்புக்கு ஒரு மீட்டருக்கு ஒரு கிளாம்ப், நிற்கும் பைப்புக்கு 2 மீட்டருக்குள் ஒரு கிளாம்ப்.

4. மண்ணுக்குள்

சுவரைத் தாண்டி வெளியே வந்ததும் வேலையே வேறு. மேலே மண் பாரம், கால்நடை, வண்டி. பக்கத்தில் தென்னை வேர். கீழே பெருச்சாளி.

வீட்டை ஒட்டி ஆள் நடமாட்டம் மட்டும் உள்ள இடத்தில் எஸ்.என். 4 போதும். வண்டி, டிராக்டர் போகும் இடத்தில் எஸ்.என். 8 போட்டு, 3 அடி ஆழத்தில் பதித்து, அந்த இடத்தை மட்டும் கான்கிரீட்டால் போர்த்துவது நல்லது. முடிந்தால் வண்டிப்பாதைக்குக் குறுக்கே லைன் போகாதபடி வீட்டுக்கு இடம் பார்க்கும்போதே யோசியுங்க. மற்ற இடங்களில் 2 அடி ஆழம் இருக்கட்டும். மம்பட்டி வெட்டுக்கும் தப்பும்.

குழியின் அடியில் கல், செங்கல் துண்டு எதுவும் இருக்கக் கூடாது. 10 செ.மீ. மணல் விரித்து, அதன் மேல் பைப்பு முழு நீளத்துக்கும் படிந்து உட்காரணும். பைப்பின் இரண்டு பக்கமும் மணல் போட்டுக் காலால் மிதித்து இறுக்கணும். பிளாஸ்டிக் பைப்பின் வலுவில் பாதி, பக்கத்தில் இருக்கும் மண் கொடுக்கும் அணைப்பில் இருக்கு. கரிசல் காட்டில் இது இன்னும் முக்கியம். கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அந்த மண்ணையே திரும்பத் தள்ளினால் பைப்பு ஏறி இறங்கி இணைப்பு விட்டுவிடும். சுற்றிலும் மணலோ கிராவலோதான் போடணும்.

பைப்பின் வாய் அகன்ற பக்கம், தண்ணி வரும் திசையைப் பார்த்து இருக்கணும். திருப்பத்துக்கு ஒரு சேம்பர் கட்டுங்க.

5. வாட்டம்

வாட்டம் சரியில்லாவிட்டால் எஸ்.என். 8 பைப்பும் அடைக்கும். 110 மி.மீ. பைப்புக்கு 40க்கு 1, 160 மி.மீ. பைப்புக்கு 60க்கு 1 என்பது கொத்தனார்கள் வழிவழியாகக் கடைப்பிடிக்கும் கணக்கு. 10 மீட்டர் தூரத்துக்கு 110 மி.மீ. பைப்பு 25 செ.மீ. இறங்கணும். 20 மீட்டர் என்றால் அரை மீட்டர். ஆகவே குழியோ டேங்கோ எவ்வளவு தூரத்தில் வருது என்று முதலில் அளந்து, அதற்கேற்ப வீட்டின் அஸ்திவார உயரத்தை முடிவு செய்யுங்க. வீடு கட்டிய பிறகு வாட்டம் தேட முடியாது.

வாட்டம் கூடினாலும் கெடுதல்தான். தண்ணி முன்னாடி ஓடிவிடும், கட்டி பின்தங்கிவிடும். கண்மட்டத்தை நம்பாமல் ட்யூப் லெவல் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்க.

6. ரெண்டு தண்ணி, ரெண்டு லைன்

நகரத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். கக்கூஸ் தண்ணியும் குளியல் தண்ணியும் ஒரே பைப்பில் கலந்துவிட்டால் எல்லாமே சாக்கடை. பிரித்துவிட்டால் ஒன்று எரு, இன்னொன்று பாசனம்.

கக்கூஸ் லைன் தனியாக 110 மி.மீ. பைப்பில் இரட்டை உறிஞ்சு குழிக்குப் போகட்டும். 1970ல் பீகாரில் சுலப் அமைப்பைத் தொடங்கிய பிந்தேஸ்வர் பதக் நாடெங்கும் கொண்டுபோன முறை இது. இரண்டு குழி, நடுவில் ஒரு சேம்பர், அதிலிருந்து இரண்டு பக்கமும் பிரியும் பைப்பு. ஒரு குழி நிறைந்ததும் அந்தப் பக்கத்தை அடைத்து மறுபக்கம் திருப்பிவிடணும். மூடிய குழி ஒன்றரை முதல் இரண்டு வருசம் ஆறினால் வாடையில்லாத உலர்ந்த எருவாகிவிடும். தென்னைக்கும் மரங்களுக்கும் வைக்கலாம். கீரைக்கும் கிழங்குக்கும் வேண்டாம். வாயு மண்ணிலேயே உறிஞ்சப்படுவதால் இதற்குக் காற்றுக் குழாய் தேவையில்லை. குழி, கிணத்திலிருந்தும் போரிலிருந்தும் 15 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் ஊர்களில் உறிஞ்சு குழி ஆகாது.

குளியல், துணி, பாத்திரத் தண்ணி தனி 75 மி.மீ. லைனில் வரட்டும். சமையலறையை விட்டு வெளியே வரும் இடத்தில் எண்ணெய் மிதந்து நிற்க ஒரு சிறு தொட்டி வையுங்க. அதை வாரம் ஒருமுறை வழித்து எருக்குழியில் போடலாம். பிறகு கல்வாழை, சேம்பு நட்ட ஜல்லிப் பாத்தி வழியாக வாழைக்கும் தென்னைக்கும் போகட்டும். துணி சோப்புத் தூளில் சோடியம் உப்பு அதிகம்; ஒரே இடத்தில் தினமும் விட்டால் மண் களர் தட்டும். சீயக்காய், பூந்திக்கொட்டை, அரப்பு புழங்கும் வீட்டில் இந்தக் கவலை குறைவு. தண்ணியை இடம் மாற்றி மாற்றி விட வசதியாக, லைன் முடிவில் இரண்டு மூன்று பிரிவு வைத்துக்கொள்ளுங்க.

மூன்றாவதாக மழைநீர். 1,000 சதுர அடிக் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர் இறங்கும். இதற்கு டைப் ஏ போதும், அங்கே காசு மிச்சம் பிடிக்கலாம். ஆனால் அதை எக்காரணம் கொண்டும் கக்கூஸ் லைனில் சேர்க்காதீங்க. ஒரே கனமழையில் குழி நிறைந்து பின்னோக்கி வரும்.

7. மூடும் முன் ஒரு மணி நேரம்

பிளம்பர் வேலை முடிந்தது, மண் தள்ளலாம் என்பார். தள்ள விடாதீங்க. கீழ் முனையை அடைத்து, மேலிருந்து தண்ணி நிரப்பி, மட்டத்தைக் குறி போட்டு ஒரு மணி நேரம் காத்திருங்க. மட்டம் இறங்கினால் இணைப்பில் கசிவு இருக்கு என்று அர்த்தம். கம் போட்டு ஒட்டிய இணைப்பு என்றால் ஒரு நாள் காய்ந்த பிறகு இதைச் செய்யணும். கூலி கொடுப்பது இந்தச் சோதனைக்குப் பிறகு இருக்கட்டும். மூடுவதற்கு முன் செல்போனில் லைனைப் படம் எடுத்து, சுவரிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்க. பத்து வருசம் கழித்து மரம் நட, குழி தோண்ட அது உதவும்.

8. இயற்கை விவசாயிக்கு பிளாஸ்டிக்கா?

நியாயமான கேள்வி. மெருகு ஏற்றிய சுட்ட மண் பைப்பு ஒரு காலத்தில் எங்கும் இருந்தது. இன்றும் கிடைக்கும் ஊர்க்காரர்கள் தாராளமாகப் போடலாம். ஆனால் நீளம் குறைவு என்பதால் இணைப்புகள் அதிகம். சிமெண்ட் பூச்சு விரிசலில் வேர் நுழையும். கிணத்துக்குப் பக்கத்தில் கசியாமல் இருப்பதே முதல் தர்மம் என்று பார்த்தால், நன்றாகப் பதித்த பிளாஸ்டிக் பைப்புக்கு இடம் உண்டு.

அதே சமயம், பி.வி.சி. பைப்பு செய்யும்போது ஈயம் கலந்த பொருளைச் சேர்க்கும் வழக்கம் இருந்தது. அதைக் கட்டுப்படுத்த 2021ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விதிகள் கொண்டுவந்தது. ஈயம் இல்லாதது என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்க. வெட்டிய துண்டுகளைக் குப்பையோடு கொளுத்தவே கூடாது, பி.வி.சி. எரிந்தால் வரும் புகையில் அமிலமும் டையாக்சினும் இருக்கும். துண்டுகளைப் பழைய இரும்புக் கடையில் கொடுத்துவிடலாம்.

9. கடைக்குப் போகும்போது

பைப்பின் மேல் அச்சைப் படியுங்க. வீட்டுக்குள் என்றால் ஐ.எஸ். 13592, டைப் பி. மண்ணுக்குள் என்றால் ஐ.எஸ். 15328, எஸ்.என். எண். கூடவே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கணும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால், யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம் என்று காட்டும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். எதுவும் அச்சிடாத கறுப்புப் பைப்பு, பழைய பிளாஸ்டிக் உருக்கிச் செய்தது, எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

பில்லில் வெறும் '4 இஞ்ச் பைப்பு' என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீங்க. தர எண், டைப், அளவு மூன்றும் எழுதி வாங்குங்க. பைப்பும் பெண்டும் ட்ராப்பும் ஒரே கம்பெனியாக இருந்தால் இணைப்பு சரியாகப் பொருந்தும். பைப்பு டைப் பி வாங்கிவிட்டு, எல்போவை மெல்லியதாக வாங்குவதும் சிலர் செய்வது. கசிவு பெரும்பாலும் இணைப்பில்தான் தொடங்கும்.

வீடு கட்டி முடித்தவர்கள் இந்த வாரம் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. கிணத்திலிருந்து கக்கூஸ் குழிக்கும் லைனுக்கும் எத்தனை மீட்டர் என்று டேப் பிடித்து அளந்து பாருங்க. தண்ணியை ஒரு பாட்டிலில் எடுத்து, அருகில் உள்ள குடிநீர் வாரியச் சோதனைக்கூடத்தில் கொடுங்க. நைட்ரேட்டும் கோலிஃபார்ம் கிருமியும் பார்க்கச் சொல்லுங்க. கிருமிச் சோதனைக்குச் சுத்தமான பாட்டிலை அவர்களிடமே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.